வெள்ளியில் கடல் இருந்த காலம்

1967 ஜூனில் சோவியத் யூனியன் வெள்ளிக் கோளுக்கு அனுப்பிய வெனரா-4 கலத்தில் சர்க்கரையால் செய்த பூட்டு ஒன்று இருந்தது. கலம் ஒருவேளை கடலில் விழுந்தால் சர்க்கரை கரையும், பூட்டு விடும், ஆண்டெனா வெளியே வரும். கலமும் தண்ணீரில் மிதக்கும்படிதான் கட்டப்பட்டிருந்தது. அதை வடிவமைத்தவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்லர். விண்வெளித் தொழிலில் அன்று உலகத்தின் முன்வரிசையில் இருந்தவர்கள். வெள்ளி கொதிக்கிறது என்று சொல்லும் அளவீடுகள் வெளிவரத் தொடங்கிப் 11 ஆண்டுகள் ஆகியிருந்தன. இருந்தும், அங்கே கடல் கிடையாது என்று அடித்துச் சொல்ல யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

அந்தக் கடலை உண்டாக்கியது மேகம்.

1761 ஜூன் 6 அன்று வெள்ளி சூரியனின் முகத்தைக் கடந்து சென்றது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் தன் வீட்டிலிருந்து அதைக் கவனித்துக்கொண்டிருந்த மிகயீல் லொமனோசவ், கரும்புள்ளியாகத் தெரிந்த கோள் சூரிய விளிம்பைத் தொடும் இடத்தில் விளிம்பு சற்றே புடைத்ததைக் கண்டார். கோளைச் சுற்றிக் காற்று இருந்தால்தான் ஒளி அப்படி வளையும். அந்தக் காற்று பூமியின் காற்றுக்குச் சமமாகவோ அதற்கு மேலாகவோ இருக்க வேண்டும் என்று எழுதினார். வெள்ளியின் தட்பவெப்பத்தைப் பற்றி மனிதன் சொன்ன முதல் உருப்படியான வாக்கியம் அதுதான். அந்தக் காற்று எவ்வளவு கனமானது என்பது தெரிய இன்னும் இரண்டு நூற்றாண்டு ஆனது.

அதே கடப்பைப் பார்க்கப் பாண்டிச்சேரிக்குப் புறப்பட்டு வந்த பிரெஞ்சு வானியலர் லெ ஜென்டிலின் கதை தனி. அவர் வந்து சேர்வதற்குள் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. கடப்பு நடந்த நாளில் நடுக்கடலில், ஆடும் கப்பலில் நின்றார். ஆடுகிற தளத்தில் எதையும் துல்லியமாக அளக்க முடியவில்லை. அடுத்த கடப்பு எட்டு வருடம் கழித்து என்பதால் ஊருக்குத் திரும்பாமல் இந்தியப் பெருங்கடல் பக்கமே தங்கிவிட்டார். 1768-இல் பாண்டிச்சேரிக்கு வந்து, இடிந்து கிடந்த கோட்டையில் ஆய்வகம் அமைத்தார். தமிழ்க் கணிதர்கள் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்றுக் குறித்துவைத்தார். சென்னையிலிருந்த ஆங்கிலேயர்களே அவருக்குத் தொலைநோக்கி இரவல் கொடுத்தார்கள். 1769 ஜூன் 4 விடியற்காலை, அதுவரை தெளிவாக இருந்த வானத்தை மேகம் மூடியது. கடப்பு முடிந்த பிறகு வெயில் அடித்தது. பிரான்சுக்குத் திரும்பியபோது அவர் இறந்துவிட்டதாக முடிவுசெய்து உறவினர்கள் சொத்தைப் பங்குபோடும் வேலையில் இறங்கியிருந்தார்கள். வெள்ளியைப் பார்க்க விடாமல் தடுத்தது பாண்டிச்சேரியின் மேகம் என்றால், அதைப் பார்த்தவர்களை ஏமாற்றியது வெள்ளியின் மேகம்.

எவ்வளவு பெரிய தொலைநோக்கியை வைத்துப் பார்த்தாலும் வெள்ளியில் தெரிவது மாசுமறுவற்ற ஒரு வெண்மை. மலை தெரியாது, பள்ளம் தெரியாது. எதுவும் தெரியாத இடத்தில் எதை வேண்டுமானாலும் வைக்கலாம். மேகம் இருக்கிறது, மேகம் என்றால் தண்ணீர், இவ்வளவு மேகம் என்றால் ஏராளமான தண்ணீர். அளவிலும் எடையிலும் பூமிக்கு ஏறக்குறைய இணையான கோள் வேறு. சூரியனுக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருப்பதால் கொஞ்சம் கூடுதலாகப் புழுங்கும், அவ்வளவுதான் என்று நினைத்தார்கள்.

இந்தப் படத்தை மிக விரிவாகத் தீட்டியவர் ஸ்வீடனின் ஸ்வாந்தே அர்ரேனியஸ், வேதியியலுக்காக நோபல் பரிசு பெற்றவர். 1918-இல் ஆங்கிலத்தில் வந்த அவருடைய நூலில் வெள்ளியின் சராசரி வெப்பம் 47 டிகிரி செல்சியஸ். எங்கும் சொட்டச் சொட்ட ஈரம், சதுப்பு நிலம், வேகமாக வளர்ந்து வேகமாக அழுகும் செடிகொடிகள். ஆளைப் பார்த்தால்தான் விந்தை புரியும். காற்றிலுள்ள கரியமில வாயு இரட்டிப்பானால் பூமி 5, 6 டிகிரி சூடேறும் என்று 1896-இலேயே கையால் கணக்குப் போட்டுச் சொன்னவர் இதே அர்ரேனியஸ். வெள்ளியைத் திறக்கும் சாவி அவர் பையிலேயே இருந்தது. வெள்ளியின் காற்றில் என்ன இருக்கிறது என்பது மட்டும் அவர் காலத்தில் யாருக்கும் தெரியாது.

அது தெரிந்தது 1932-இல். கலிஃபோர்னியாவின் மவுண்ட் வில்சன் ஆய்வகத்தில் ஆடம்ஸும் டன்ஹாமும் வெள்ளியின் ஒளியைப் பிரித்துப் பார்த்தார்கள். நீராவியின் தடயம் சிக்கவில்லை. கரியமில வாயுவின் வரிகள் கனமாக விழுந்திருந்தன. 1940-இல் ருபர்ட் வில்ட் கணக்குப் போட்டு, இவ்வளவு கரியமில வாயு இருந்தால் தரை, தண்ணீரின் கொதிநிலையையும் தாண்டியிருக்க வேண்டும் என்றார். பெரிதாக யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1955-இல்கூட ஃப்ரெட் ஹாயில் அங்கே எண்ணெய்க் கடல் இருக்கலாம் என்று எழுதினார். அதே ஆண்டு விப்பிளும் மென்செலும் கோள் முழுவதையும் தண்ணீரால் மூடினார்கள். கரியமில வாயு கரைந்த தண்ணீர், அதாவது அசல் சோடா. இவர்களெல்லாம் அந்தத் துறையின் பெரிய தலைகள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மேகத்தை ஊடுருவிப் பார்க்க ரேடியோ அலை வேண்டியிருந்தது. 1956-இல் வாஷிங்டனில், அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தின் கூரை மேலிருந்த 50 அடித் தட்டு ஆண்டெனாவை மேயரும் அவருடைய சகாக்களும் வெள்ளியை நோக்கித் திருப்பினார்கள். 3 சென்டிமீட்டர் அலைநீளத்தில் வந்த வெப்பக் கதிர்வீச்சின்படி அங்கே 300 டிகிரி செல்சியஸுக்கு மேல். எண்ணைப் பார்த்தவர்கள் முதலில் எண்ணைத்தான் சந்தேகித்தார்கள். கதிர்வீச்சு தரையிலிருந்து வரவில்லை, மேலடுக்கில் உள்ள மின்னூட்டத் துகள்களிலிருந்து வருகிறது, கீழே எல்லாம் குளுகுளுவென்றுதான் இருக்கும் என்று ஒரு கட்சி கிளம்பியது. சூடு தரையில்தான், காரணம் பசுங்குடில் விளைவு என்றது இன்னொரு கட்சி. அதில் 26 வயது கார்ல் சேகன் இருந்தார்.

இரண்டு கட்சிக்கும் நடுவராகப் போனது அமெரிக்காவின் மரைனர்-2 கலம். 1962 டிசம்பர் 14 அன்று அது வெள்ளியை ஏறத்தாழ 35,000 கிலோமீட்டர் தொலைவில் கடந்தது. வேறொரு கோளை எட்டிப் பார்த்துத் தகவல் அனுப்பிய முதல் கலம் அதுதான். கேமரா கிடையாது. மைக்ரோவேவ் அளவி ஒன்று கோளின் முகத்தை மூன்று முறை குறுக்கே தடவிப் பார்த்தது. வெப்பம் மேலடுக்கிலிருந்து வந்தால் கோளின் ஓரம் நடுப்பகுதியைவிடப் பிரகாசமாகத் தெரிய வேண்டும்; தரையிலிருந்து வந்தால் ஓரம் மங்க வேண்டும். ஓரம் மங்கியது.

வழக்கு முடிந்தது என்றுதான் எவரும் நினைப்பார்கள். ஐந்து வருடம் கழித்தும் சர்க்கரைப் பூட்டு கிளம்பியது என்றால், கடல் மேல் இருந்த ஆசை எவ்வளவு ஆழமானது என்று யோசிக்கத் தோன்றுகிறது. பொறியாளர்கள் தரப்பில் நியாயமும் உண்டு. தரை எப்படி இருக்கும் என்று தெரியாத இடத்துக்குப் போகிறவன் எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் போக வேண்டும்.

வெனரா-4 அக்டோபர் 18 அன்று பாராசூட்டில் இறங்கியது. ஏறக்குறைய 94 நிமிடம் தகவல் வந்தது. மேலே 33 டிகிரி, போகப் போக ஏறி 262 டிகிரி. காற்றில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கரியமில வாயு. அழுத்தம் பூமியைப்போல் இருபது மடங்கு அளவில். பிறகு மௌனம். தரையைத் தொட்டுவிட்டோம் என்று மாஸ்கோ அறிவித்தது. மறுநாளே அமெரிக்காவின் மரைனர்-5 வெள்ளியைக் கடந்தது. அதன் அளவீடுகளையும் ரேடாரில் கிடைத்த கோளின் விட்டத்தையும் சேர்த்து வைத்துப் பார்த்தபோது, வெனரா-4 பேச்சை நிறுத்திய இடம் தரைக்கு 20 கிலோமீட்டருக்கும் மேலே என்பது தெரிந்தது. 1969-இல் போன வெனரா-5, வெனரா-6 இரண்டும் இதேபோல் வழியிலேயே நசுங்கின.

அடுத்த கலத்தைச் செய்தபோது வீம்பை விட்டார்கள். வெனரா-7-இன் கூடு டைட்டானியத்தில் வார்க்கப்பட்டது. 180 மடங்கு வளிமண்டல அழுத்தத்தைத் தாங்கும். 1970 டிசம்பர் 15 அன்று அது இறங்கும்போது பாராசூட் கிழிந்து, கடைசியில் அறுந்தே போனது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் தரையில் மோதியது. சமிக்ஞை நின்றது. இன்னொரு தோல்வி என்று எழுதிக்கொண்டார்கள். சில வாரங்கள் கழித்துப் பதிவு நாடாக்களை மறுபடி அலசியபோது, மோதலுக்குப் பிறகு இரைச்சலுக்கு அடியில் மிக மெல்லிய சமிக்ஞை ஒன்று 23 நிமிடம் ஓடியிருந்தது தெரிந்தது. வழக்கமான பலத்தில் நூற்றில் ஒரு பங்கு. கலம் கவிழ்ந்து, ஆண்டெனா பூமியைப் பாராமல் பக்கவாட்டில் கிடந்திருக்க வேண்டும். தகவல்களை மாற்றி மாற்றி அனுப்பும் கருவி வேறு சிக்கிக்கொண்டதால் வந்தது ஒரே ஒரு எண், திரும்பத் திரும்ப: வெப்பம், 475 டிகிரி. அழுத்தத்தை அதிலிருந்து கணக்கிட்டார்கள். பூமியைப்போல் 90 மடங்கு. வேற்றுக் கோள் ஒன்றின் தரையிலிருந்து மனிதனுக்கு வந்த முதல் செய்தி அதுதான்.

ஈயம் 327 டிகிரியில் உருகும், துத்தநாகம் 420-இல். வெள்ளியின் சராசரி 464. பகலுக்கும் இரவுக்கும், நடுக்கோட்டுக்கும் துருவத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அங்கே ஒரு பகலும் இரவும் சேர்ந்தால் பூமிக் கணக்கில் 117 நாள் என்றபோதும். கடலுக்குள் 900 மீட்டர் ஆழத்தில் இருக்கும் அழுத்தம் அங்கே தரைமட்டத்தில் இருக்கிறது. அந்த அழுத்தத்திலும் வெப்பத்திலும் கரியமில வாயு வாயுவாகவும் நடந்துகொள்வதில்லை, திரவமாகவும் நடந்துகொள்வதில்லை.

இந்த நிலத்தில்தான் சோவியத் லேண்டர்கள் வரிசையாக வந்து இறங்கின. உறைநிலைக்குக் கீழே குளிர்வித்து அனுப்பினாலும் அவற்றின் ஆயுள் ஒரு மணி, இரண்டு மணி. 1972-இல் வெனரா-8 போட்டோ எடுக்கும் அளவுக்கு வெளிச்சம் உண்டு என்றது. 1975 அக்டோபர் 22 அன்று வெனரா-9 முதல் படத்தை அனுப்பியது: கூர்முனைக் கற்கள் சிதறிய சரிவு. 1982 மார்ச் 1-இல் இறங்கிய வெனரா-13 வண்ணப் படம் அனுப்பியது; 32 நிமிடத்துக்குத் திட்டமிட்ட கலம் 127 நிமிடம் தாக்குப்பிடித்தது. நான்கு நாள் கழித்து இறங்கிய வெனரா-14-க்கு ராசி சரியில்லை. மண்ணின் உறுதியை அளக்க ஒரு கம்பி நீண்டு தரையைக் குத்த வேண்டும். கேமராவிலிருந்து கழன்ற மூடி சரியாக அந்தக் கம்பியின் அடியிலேயே போய் விழுந்தது. கோடிக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து, அந்தக் கலம் தன் சொந்த மூடியின் உறுதியை அளந்து அனுப்பியது. படங்கள் மொத்தம் நான்கு இடங்களிலிருந்துதான். 1982-க்குப் பிறகு ஒன்றுகூடக் கிடையாது.

வெனரா-8-க்கு ஓர் இரட்டை இருந்தது. 1972 மார்ச் 31-இல் ஏவிய அது ராக்கெட் கோளாறால் பூமியைத் தாண்டவே இல்லை. காஸ்மோஸ்-482 என்று பெயர் சூட்டி மறந்தார்கள். 53 ஆண்டுகள் பூமியைச் சுற்றிவிட்டு 2025 மே 10 அன்று அது விழுந்தது. அந்தமானுக்கு மேற்கே 560 கிலோமீட்டரில் அடர்ந்த காற்றுக்குள் நுழைந்து இந்தியப் பெருங்கடலில் விழுந்தது என்பது ரஷ்ய விண்வெளி நிறுவனத்தின் கணிப்பு. வெள்ளியைத் தாங்கக் கட்டிய கூடு என்பதால், எரியாமலே வந்து சேர்ந்திருக்கவும் கூடும்.

இவ்வளவு சூடு எங்கிருந்து? சூரியனுக்குப் பக்கத்தில் இருப்பதால் என்பது பாதி உண்மைகூட இல்லை. இன்னும் பக்கத்தில் இருக்கும் புதனில் நண்பகல் வெயில் 430 டிகிரி, நள்ளிரவு மைனஸ் 180. போர்த்திக்கொள்ளக் காற்று இல்லாததால் வந்த சூடு வந்தபடியே போய்விடுகிறது. வெள்ளியின் வெண்மேகமோ தன்மேல் விழும் ஒளியில் நான்கில் மூன்று பங்கைத் திருப்பியடித்துவிடுகிறது. சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால் வெள்ளி உள்வாங்கும் சூரிய ஆற்றல் பூமி உள்வாங்குவதைவிடக் குறைவு. தரையை எட்டுவது நூற்றில் இரண்டு மூன்று பங்கு வெளிச்சம். அந்தக் கொஞ்சம் வெளிச்சம் வெப்பமாக மாறிய பிறகு வெளியேற வழி தெரியாமல் 96 சதவீதக் கரியமில வாயுவில் மாட்டிக்கொள்கிறது. பூமியிலும் ஏறக்குறைய அதே அளவு கரியமில வாயு உண்டு. மழையும் கடலும் அதைப் பிடித்துச் சுண்ணாம்புக்கல்லாக நிலத்துக்குள் பூட்டி வைத்திருக்கின்றன.

மேகமும் தண்ணீர் இல்லை. 1970-களின் தொடக்கத்தில் அது கந்தக அமிலம் என்று தெளிவானது. வெள்ளி தெற்கே சாய்ந்தால் மழை பொய்க்கும் என்ற நம்பிக்கை சங்கப் பாடல்களிலேயே இருக்கிறது. அந்தக் கோளில் அமில மழை பெய்யத்தான் செய்கிறது. தரையைத்தான் தொடுவதில்லை, பாதி வழியிலேயே ஆவியாகிவிடுகிறது.

இனி வருவது கோளின் சொந்தப் பழங்கதை. 1978 டிசம்பரில் அமெரிக்காவின் பயனியர் வீனஸ் ஆய்விகள் காற்றுக்குள் இறங்கியபோது, பெரிய ஆய்வியில் வாயுக்களைச் சோதிக்கும் கருவியின் வாயை ஒரு துளி கந்தக அமிலம் அடைத்துக்கொண்டது. கருவி வீணானது என்று பார்த்தால், அந்தத் துளிக்குள்ளேயே விஷயம் இருந்தது. அதிலிருந்த நீரில் கன ஹைட்ரஜனின் விகிதம் பூமியில் இருப்பதைப்போல் நூறு மடங்கு அளவில் இருந்ததை 1982-இல் தாமஸ் டொனஹியூவின் குழு வெளியிட்டது. லேசான ஹைட்ரஜன் விண்வெளிக்குத் தப்பிப் போக, கனமானது தங்கிவிட்டது என்றால்தான் இப்படி ஆகும். ஒரு காலத்தில் வெள்ளியில் இன்றைப்போல் பல மடங்கு தண்ணீர் இருந்திருக்கிறது. அது எப்படிப் போயிருக்கும் என்பதை 1969-இலேயே ஆன்ட்ரூ இங்கர்சால் சொல்லியிருந்தார்: நீர் ஆவியாகும், ஆவி வெப்பத்தைப் பிடிக்கும், வெப்பம் இன்னும் நீரை ஆவியாக்கும், கடிவாளம் அறுந்த பிறகு, மேலே போன நீராவியைப் புற ஊதாக் கதிர் உடைத்துவிடும்.

ஆனால் அந்தத் தண்ணீர் கடலாகத் தேங்கியதா? நாசாவின் காடர்ட் மையத்தில் மைக்கேல் வேயும் சகாக்களும், பூமிக்கென எழுதிய தட்பவெப்ப நிரலை வெள்ளிக்குப் பொருத்தி 2016-இல் ஒரு முடிவு சொன்னார்கள். மெதுவாகச் சுழலும் கோளில் பகல் பக்கம் கனத்த மேகம் திரண்டு வெயிலைத் தடுக்கும்; அப்படியானால் சுமார் 70 கோடி ஆண்டுகளுக்கு முன்புவரைகூட அங்கே கடலும் வாழத்தக்க தட்பமும் இருந்திருக்கலாம். 2021-இல் மார்ட்டின் டர்பேயின் குழு இதைத் தலைகீழாகப் புரட்டியது. தொடக்கத்தில் நீர் முழுவதும் ஆவிதான். அதிலிருந்து மேகம் திரண்டது இரவுப் பக்கம். அது நிழல் தராமல் சூட்டைத்தான் பிடித்துவைத்தது. ஒரு சொட்டுகூட மழையாகத் தரையில் விழவே இல்லை. மேகம் எந்தப் பக்கம் நின்றது என்பதில் தொங்குகிறது ஒரு கடலின் இருப்பு. படிக்கிறவருக்கு முதல் கதைதான் பிடிக்கும். இரண்டாவது கதைக்காரர்கள் கோள் கொதித்துக்கொண்டிருந்த நாளிலிருந்து கணக்கைத் தொடங்குகிறார்கள் என்பதால் அவர்கள் பக்கம் கை கொஞ்சம் ஓங்கியிருப்பதாகவே தோன்றுகிறது.

வே பணிபுரியும் அதே மையத்தில் முன்பு ஜேம்ஸ் ஹான்சன் இருந்தார். வெள்ளியின் மேகத்தைப் பற்றி ஆய்வு செய்து வளர்ந்தவர். பயனியர் வீனஸ் கலத்தில் அவருடைய கருவியும் இருந்தது. கண்ணெதிரே காற்றின் கலவை மாறிக்கொண்டிருக்கும் கோள் பூமிதான் என்று சொல்லி, அந்தப் பொறுப்பை விட்டு இந்தப் பக்கம் திரும்பினார். 1988 ஜூன் 23 அன்று அமெரிக்க செனட்டில் புவி வெப்பமாதல் தொடங்கிவிட்டது என்று சாட்சி சொன்னவர் அவர்தான்.

வெள்ளியின் முகத்தைக் கடைசியில் முழுசாகக் காட்டியது அமெரிக்காவின் மெகல்லன் கலம். 1990 முதல் 1994 வரை ரேடாரால் 98 சதவீத நிலத்தை வரைந்தது. விண்கல் விழுந்த குழிகள் ஆயிரத்துக்கும் கீழே. அப்படியென்றால் நிலத்தின் வயது சில பத்துக் கோடி ஆண்டுகளே, பழையதை எரிமலைக் குழம்பு மூடிவிட்டது. அந்தப் பழைய படங்களையே ஹெரிக்கும் ஹென்ஸ்லியும் மறுபடி புரட்டி, மாத் மோன்ஸ் எரிமலையின் ஒரு வாய் 1991 பிப்ரவரிக்கும் அக்டோபருக்கும் இடையில் 2.2 சதுர கிலோமீட்டரிலிருந்து 4 ஆகப் பெருத்திருப்பதை 2023-இல் காட்டினார்கள். எரிமலைகள் இன்னும் ஓயவில்லை.

இந்தியாவின் வெள்ளிச் சுற்றுக்கலத்துக்கு 2024 செப்டம்பரில் 1,236 கோடி ரூபாய் ஒப்புதல் ஆனது; 2028 மார்ச்சில் ஏவுவதாகத் திட்டம். அது தரையிறங்காது, மேலிருந்து பார்க்கும். தரையை நோக்கி இறங்கப்போவது நாசாவின் டாவின்சி. அதன் டைட்டானியக் கோளம் ஆல்ஃபா ரீஜியோ என்ற மேட்டு நிலத்தை நோக்கி ஒரு மணி நேரம் விழும். மெகல்லன் காட்டிய எரிமலைக் குழம்பு ஏறாத பழைய பாறை அங்கே மடிப்பு மடிப்பாக இருப்பதாகக் கருதுகிறார்கள். அது கருங்கல் வகையாக இருந்தால் கடல் கட்சிக்குச் சாதகம். அவ்வகைப் பாறை பெருமளவில் உருவாக நீர் வேண்டும். எரிமலைப் பாறையாகவே இருந்தால் அந்தச் சான்று கிடைக்காது. படங்களும் காற்றின் அளவுகளும் விழும்போதே வந்துவிட வேண்டும். தரையைத் தொட்ட பிறகு கலம் பிழைத்தால் பதினேழு பதினெட்டு நிமிடம் பேசலாம், பிழைக்காவிட்டாலும் பாதகமில்லை என்றே திட்டத்தை வகுத்திருக்கிறார்கள்.